கனமான கூரை காக்குமா?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூரிலும் அதைச் சுற்றியுள்ள குளத்தூர் வட்டத்து ஊர்களிலும் ஓட்டு வீடு பழசானால் சொல்லப்படும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டுவிடுங்கள். தளம் போட்ட வீடு ஒழுகினால், மேலே இன்னொரு அடுக்கு சுர்க்கி (செங்கல், சுண்ணாம்புக் கலவை) போட்டுத் தட்டோடு பதிக்கச் சொல்வார்கள். இந்த யோசனையைத் தாங்கி நிற்பவை இரண்டு நம்பிக்கைகள். இந்தப் பக்கம் பூமி அதிராது என்பது ஒன்று. அப்படியே அதிர்ந்தாலும் கான்கிரீட் கூரை காப்பாற்றிவிடும் என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது, மண் கலவையில் எழுப்பிய பழைய சுவர்களைப் பொறுத்தவரை தவறானது, ஆபத்தானதும்கூட.

முதல் நம்பிக்கையின் உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐ.எஸ். 1893 என்னும் இந்திய நிலநடுக்கத் தரநிலையின் 2002, 2016 பதிப்புகளில் உள்ள வரைபடத்தில் கீரனூர் இரண்டாம் மண்டலத்தில் வருகிறது. அந்த வரைபடத்தில் இதற்குக் கீழே வேறு மண்டலம் இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் நார்த்தாமலைக் குன்றுகளைக் கடக்கும் எவரும் காண்பது போல, இந்தப் பகுதியின் அடியில் இருப்பது பழமையான கெட்டிப் பாறை. பாறைமேல் கடைக்கால் போட்ட வீட்டில் அதிர்ச்சி அதிகம் பெருகுவதில்லை. ஏரி, கண்மாய் ஓரத்துக் களிமண்ணிலோ, மண் கொட்டி நிரப்பிய மனையிலோ அந்தப் பாதுகாப்பைத் தயங்காமல் நம்ப முடியாது. ஆனாலும் மொத்தத்தில் இது இமயமலை அடிவாரம் அல்ல, கட்ச் பகுதியும் அல்ல.

தவறு அடுத்த படியில் நேர்கிறது. குறைவான ஆபத்து என்று வரைபடம் சொல்வதை ஆபத்தே இல்லை என்று படித்துவிடுகிறார்கள். மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியும் இப்படித்தான் படிக்கப்பட்டது. அன்று வழக்கிலிருந்த வரைபடத்தில் அந்தப் பகுதி ஒன்றாம் மண்டலத்தில், அதாவது மிகக் குறைந்த ஆபத்துப் பகுதியில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன் 6.2 அளவு நிலநடுக்கம் வந்தது. இறந்தோர் தொகை பல ஆயிரம்; கணக்குகள் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 வரை வேறுபடுகின்றன. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒன்றாம் மண்டலம் என்ற பிரிவே நீக்கப்பட்டு இரண்டாம் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டது. அதே திருத்தத்தில்தான் சென்னையும் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. கில்லாரிக்கு முன்பே, 1967 டிசம்பர் 11 அன்று, அசையாதது என்று கருதப்பட்ட தக்காணப் பாறைமேல் அதே மராட்டியத்தின் கொய்னா அதிர்ந்திருந்தது. தமிழ் நிலத்திலேயே சான்று வேண்டுமென்றால், கீரனூருக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள கோயம்புத்தூர்ப் பகுதியில் 1900 பிப்ரவரி 8 அன்று வந்த நிலநடுக்கம் 6 அளவை ஒட்டியது என்று கணிக்கப்பட்டிருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் பிறந்த அதிர்வு 5.5 அளவை ஒட்டியது. சென்னை வரை உணரப்பட்டது.

இவற்றைச் சொன்னால் வரும் பதில், ஆயிரம் ஆண்டாக நிற்கும் கோயில்களைப் பாருங்கள் என்பது. நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரம் நிற்கிறது, தஞ்சையில் பெரிய கோயில் நிற்கிறது, ஆகவே இந்த மண் அசையாது என்று முடித்துவிடுகிறார்கள். இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. நிற்பவற்றை மட்டும் எண்ணுவது முதல் ஓட்டை. கொடும்பாளூர் மூவர் கோயிலின் மூன்று சன்னதிகளில் இரண்டுதான் விமானத்தோடு நிற்கின்றன. மூன்றாவதில் எஞ்சியது அடித்தளம் மட்டும். அது நிலநடுக்கத்தால் விழுந்தது என்பதல்ல இங்கே வாதம். விழுந்தவற்றைக் கணக்கில் சேர்க்காத எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது என்பதே. இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. மேலே போகப் போகக் குறுகி, எடையின் பெரும்பங்கைக் கீழேயே வைத்திருக்கும் பெருஞ்சுவர் விமானம் நின்றதால், ஒன்பது அங்குலச் சுவரின் உச்சியில் பன்னிரண்டு டன் சுமக்கும் வீடும் நிற்கும் என்று எப்படி வாதிட முடியும்?

அந்தப் பன்னிரண்டு டன் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இரண்டாவது நம்பிக்கைக்கான மறுப்பு தொடங்குகிறது. நிலநடுக்கம் கட்டடத்தை வெளியிலிருந்து தள்ளுவதில்லை. தரை திடீரென்று பக்கவாட்டில் நகர்கிறது. மேலே உள்ள எடை நகராமல் இருக்கப் பார்க்கிறது. இடையில் மாட்டிக்கொள்வது சுவர். தலையில் நெல்மூட்டையோடு பேருந்தில் நிற்பவர், ஓட்டுநர் பிரேக் போட்டதும் வெறுங்கையோடு நிற்பவரைவிட எளிதில் சாய்கிறார். காலை எவ்வளவு ஊன்றினாலும் அவரைத் தள்ளுவது தலையில் இருக்கும் எடைதான். கட்டடத்திலும் விசை எடைக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. எடை இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும்.

கீரனூரில் காணும் அளவிலேயே ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம்: 20 அடி நீளம், 13 அடி அகலம், ஏறத்தாழ 24 சதுர மீட்டர். ரீப்பர் அடித்து ஓடு வேய்ந்த கூரை சதுர மீட்டருக்கு 65 முதல் 70 கிலோ, மொத்தம் 1.6 டன் அளவு. அதே அறைக்கு ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் போட்டு, மேலே சுர்க்கியும் தட்டோடும் பதித்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 490 கிலோ. மொத்தம் 12 டன்னை நெருங்கும். கூரையின் எடை ஏழு மடங்கு ஆகிவிடுகிறது. ஐ.எஸ். 1893-இன் அதே பதிப்புகளின் கணக்குப்படி, இரண்டாம் மண்டலத்தில் கம்பி சேர்க்காத செங்கல் சுவர் வீடு எடையில் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேலான பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். ஓட்டுக் கூரை தரும் விசை 130 கிலோ அளவு. தளம் தருவது ஒரு டன். சுவரின் சொந்த எடையில் பாதியும் கூரை மட்டத்தில் வேலை செய்யும் என்பதால், நேர்மையாகக் கணக்கிட அதையும் சேர்க்க வேண்டும். பத்தடி உயரச் சுவர்களுக்கு அது 13 டன் அளவு வரும். அப்படிச் சேர்த்த பிறகும் கூரை மட்டத்து விசை 1.2 டன்னிலிருந்து 2.1 டன்னாக ஏறுகிறது. ஏறத்தாழ எழுபது விழுக்காடு கூடிய இந்த விசையைத் தாங்க வேண்டியது ஒரு செங்கல்கூடப் புதிதாகச் சேர்க்கப்படாத அதே பழைய சுவர். விசையைப் பெருக்கும் முக்கியத்துவக் காரணி பள்ளி, மருத்துவமனை போன்ற கட்டடங்களுக்கு 1.5. அங்கே விழுக்காடு எட்டிலிருந்து பன்னிரண்டரைக்கு ஏறிவிடும்.

கான்கிரீட் தளத்துக்கு ஆதரவாகப் பொறியாளர்கள் சொல்லும் வாதம் கொத்தனார்கள் சொல்வதைவிட வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கூரையின் வேலை வெயிலையும் மழையையும் தடுப்பதோடு முடிவதில்லை. நான்கு சுவர்களின் தலைகளையும் பிடித்துக் கட்டி வைப்பதும், ஒரு சுவர் தாங்க முடியாத விசையை அதற்குக் குறுக்கே நிற்கும் சுவருக்குக் கடத்துவதும் அதன் பொறுப்பு. கெட்டியான தளம் இந்த இரண்டையும் நன்றாகச் செய்யும். சுவர் முழுவதிலும் உட்கார்ந்த கான்கிரீட் தளம் இருந்தால் கூரை மட்டத்தில் சுவர்களைச் சுற்றி ஓடும் தனிப் பட்டை வேண்டியதில்லை என்று ஐ.எஸ். 4326 தரநிலையே ஒப்புக்கொள்கிறது. மேலிருந்து அழுத்தும் எடை செங்கற்களை இறுக்கிப் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆகவே சிமெண்ட் கலவையில், லிண்டல் மட்டத்தில் பட்டை ஓட, புதிதாக எழுப்பும் வீட்டில் தளம் போடுவதில் குற்றம் காண ஒன்றுமில்லை.

பழைய வீட்டுக்கு வந்தால் இந்த வாதம் நிற்பதில்லை. மேலிருந்து இறுக்கினால் பயன் பெறும் சுவர், இறுகுவதற்குத் தகுதியுள்ள சுவராக இருக்க வேண்டும். மண் கலவையில் அடுக்கிய செங்கல்லோ, உள்ளே சல்லியும் மண்ணும் நிரப்பி இருபுறமும் முகம் பார்த்து எழுப்பிய கருங்கல் சுவரோ அப்படிப்பட்டது அல்ல. அதிர்ச்சியில் அந்தச் சுவரின் உள்முகமும் வெளிமுகமும் பிரிகின்றன. நடுவில் இருக்கும் மண் உதிர்கிறது. மேலே இருக்கும் தளம் சிதையாமல் ஒரே பலகையாகக் கீழே வருகிறது. ஓடு விழுந்தால் தலையில் காயம் படும், கை முறியும். பன்னிரண்டு டன் பலகைக்கு அடியில் காயம்பட்டவர் என்று எவரும் மிஞ்சுவது அரிது.

இது கற்பனைக் காட்சி அல்ல. இத்தாலியின் அம்பிரியா மாநிலத்தில் 1979 நிலநடுக்கத்துக்குப் பிறகு, கல் வீடுகளை வலுப்படுத்துவதாகச் சொல்லி, மரக்கூரைகளையும் மரத் தளங்களையும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் கூரையும் கான்கிரீட் விளிம்புப் பட்டையும் போட்டார்கள். அன்றைய விதிகளும் பொறியாளர்களும் அதையே பரிந்துரைத்தன. 1997 செப்டம்பரில் அதே பகுதி மறுபடி அதிர்ந்தபோது, அப்படி வலுப்படுத்திய வீடுகள் பலவற்றில் கூரை கெட்டியாக இருந்தது. அதற்குக் கீழே கல்சுவர் வெளியே சரிந்திருந்தது. சில இடங்களில் கைபடாத பழைய வீடுகளைவிட இவை மோசமாகப் பாதிக்கப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதன் பிறகே இத்தாலிய வழிகாட்டல்கள், மரக்கூரையை அப்படியே வைத்து அதைச் சுவரோடு பிணைக்கும் முறைக்குத் திரும்பின. வளமான நாடு ஒன்று, நல்ல எண்ணத்தோடு, பெரும் பணம் செலவழித்துக் கற்ற பாடம் இது. அதே தவறைக் கீரனூரில் சொந்தச் சேமிப்பைப் போட்டுச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

சப்பானின் கோபே நகரமும் இதே பக்கம் சாட்சி சொல்கிறது. 1995 சனவரி 17 அதிகாலையில் அங்கே 6,400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பான்மையோர் பழைய மர வீடுகளுக்குள் நசுங்கியவர்கள். புயலில் பறக்காமலிருக்க மண் பரப்பி, அதன்மேல் கனத்த ஓடு பதித்த கூரைகள் அவை. கீழே இருந்த மெலிந்த மரச்சட்டங்களால் அந்த எடையை அதிர்ச்சியில் தாங்க முடியவில்லை. புயலுக்காக ஏற்றிய கனம் நிலநடுக்கத்தில் கொன்றது என்ற இந்தச் செய்தி, கஜா புயலைக் கண்ட புதுக்கோட்டை மாவட்டத்துக்கு நேராகச் சொன்னது போல இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா, இந்த மாவட்டத்தில் ஓடுகளையும் தகரங்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளையும் பிய்த்தெறிந்தது. தளம் போட்ட வீடுகள் நின்றன. அதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் கனமே காவல் என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. காற்றைப் பொறுத்தவரை அது சரியும்கூட. காற்று கூரையை மேலே தூக்கப் பார்க்கிறது, எடை அதை எதிர்க்கிறது. ஆனால் அந்தக் கூரைகள் பறந்ததற்குக் காரணம் எடை குறைந்ததா, கட்டு இல்லாததா? ரீப்பர்மேல் வெறுமனே அடுக்கிய ஓடு, கைமரத்தில் ஒற்றை ஆணியில் நின்ற ரீப்பர், சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருந்த கைமரம் என்று எந்த இணைப்பிலும் பிடிப்பு இருந்ததில்லை. கைமரத்தைச் சுவர்ச்சட்டத்தோடும், சுவர்ச்சட்டத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையால் பிணைத்தால் அது காற்றின் தூக்கலையும் தாங்கும், பூமியின் உலுக்கலையும் தாங்கும். எடை ஓர் ஆபத்தைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுகிறது. பிணைப்பு இரண்டையும் குறைக்கிறது. கஜாவிலிருந்து எடுத்திருக்க வேண்டிய பாடம் இதுதான்.

பிணைப்பு இல்லாவிட்டால் கான்கிரீட்டும் காப்பாற்றாது என்பதற்கு ஆர்மேனியாவின் ஸ்பிடாக் நிலநடுக்கம் சாட்சி. 1988 டிசம்பர் 7 அன்று அங்கே ஏறத்தாழ 25,000 பேர் இறந்தார்கள். ஒன்றோடொன்று சரியாகக் கட்டப்படாத முன்வார்ப்புத் தளப்பலகைகள் சுவரிலிருந்து நழுவி விழுந்தன. 2001 சனவரி 26 அன்று குசராத்தின் கட்ச் பகுதியிலும், முன்வார்ப்புத் துண்டுகளை வைத்துக் கட்டிய பள்ளிகள் சிலவற்றின் கூரை இதே விதமாக இறங்கியது. கான்கிரீட் என்ற பொருளிலேயே பாதுகாப்பு இருப்பதாக நினைத்தால் இந்தச் சாவுகளுக்கு விளக்கம் கிடைக்காது.

கூரைமேல் கனம் ஏறுவது ஒரே நாளில் நடப்பதல்ல. கில்லாரி வீடுகளின் மண் கூரை முதலில் கட்டியபோது அவ்வளவு தடிமனாக இருக்கவில்லை. மழைக்கு ஒழுகும்போதெல்லாம் மேலே மண் கொட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அது தடித்துக்கொண்டே போனது. இத்தாலியின் அசிசியில் புனித பிரான்சிசு பேராலயத்தின் வளைகூரை 1997 செப்டம்பர் 26 அன்று இடிந்து நான்கு பேர் இறந்தபோதும், காரணங்களுள் முக்கியமாகக் கண்டறியப்பட்டது வளைவின் மேற்பக்க மடிப்புகளில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த இடிபாட்டு நிரப்பு. சீரமைத்தவர்கள் அந்த நிரப்பை அகற்றினார்கள். வளைவின் மேற்புறத்தில் இலேசான இழைப்பட்டைகளை ஒட்டினார்கள். மேற்கூரையிலிருந்து வளைவைக் கம்பிகளால் பிடித்துக் கட்டினார்கள். ஓவியப் புகழ்பெற்ற அந்தப் பேராலயத்தைக் காப்பாற்றியது எடையைக் குறைத்ததும் இணைப்பைக் கூட்டியதும்தான். இங்கே பழைய சுர்க்கியைக் கொத்தி எடுக்காமல் அதன்மேலேயே புதிய சுர்க்கி போடுவது, கில்லாரியிலும் அசிசியிலும் நடந்ததன் சிறிய அளவு. நாலு அங்குலச் சுர்க்கி சதுர மீட்டருக்கு 180 கிலோவுக்குக் குறையாது. ஒவ்வொரு ஒழுகலுக்கும் இதைக் கூட்டிக்கொண்டே போனால், வீடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலவீனமாகிறது. வீட்டுக்காரரோ பலப்படுத்தியதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி, இருக்கும் கூரையைச் சரியாக வலுப்படுத்துவது எப்படி என்ற கேள்வி. செங்கல், கல் கட்டடங்களைச் சோதித்துப் பழுதுபார்த்து வலுப்படுத்துவதற்கென்றே ஐ.எஸ். 13935 என்ற தரநிலை இருக்கிறது. 2009இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. அதில் சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதியை ஊர்க் கொத்தனாரும் ஆசாரியும் வெல்டரும் சேர்ந்து செய்துவிட முடியும்.

ஓட்டு வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கைமரங்கள் சுவரைத் தள்ளுகின்றனவா என்பது. முகட்டில் சேர்ந்து இருபுறமும் சரியும் கைமரங்கள், கீழ்முனைகளைக் குறுக்கே கட்டியிராவிட்டால், அதிர்ச்சி இல்லாத நாளிலேயே சுவரின் தலையை வெளியே நெட்டிக்கொண்டிருக்கும். பல பழைய வீடுகளில் சுவர் மேலே போகப் போக வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணம். எதிரெதிர்க் கைமரங்களைக் கீழ்மட்டத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தாலோ இரும்புக் கம்பியாலோ இணைத்தால் மூன்று பக்கமும் மூடிய முக்கோணமாகித் தள்ளல் நின்றுவிடும். அடுத்தது, கூரையின் சாய்தளம். கைமரமும் ரீப்பரும் சேர்ந்த கட்டம் சதுரங்களாகவே இருப்பதால் உலுக்கலில் எளிதாகக் கோணிக்கொள்ளும். கைமரங்களின் அடிப்பக்கமாக மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரும்புப் பட்டையை இழுத்து, சந்திக்கும் இடமெல்லாம் ஆணியோ திருகோ அடித்தால், ஓட்டுக் கூரையும் கிட்டத்தட்டத் தளத்தைப் போலவே சுவர்களைப் பிடிக்கத் தொடங்கும். இதற்காகக் கூடும் எடை மிகச் சொற்பம். தளத்தின் நன்மையாகப் பொறியாளர் சொன்னதைத் தளத்தின் கனம் இல்லாமலே பெற வழி இருக்கிறது என்பதுதான் இந்த விவாதத்தின் மையப் புள்ளி. அதைத் தள ஆதரவாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பனங்கையோ தேக்கோ, அதன் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் கரையானும் ஈரமும் தின்றிருக்கக் கூடும். ஓடு பிரித்தவுடன் ஒவ்வொரு முனையையும் குத்திப் பார்க்க வேண்டும். கெட்ட முனையை வெட்டிவிட்டு இருபக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் புதுத் துண்டை இணைக்கலாம். சுவர் உச்சியைச் சுற்றி, கூரைக்குச் சற்றுக் கீழே, பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஓரடி அகலத்துக்கு வெல்டு மெஷ் பதித்து, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையால் அழுத்திப் பூசினால் அது ஒரு பட்டையாகச் செயல்படும். மெஷ் மூலைகளில் அறுபடாமல் திரும்பி ஓட வேண்டும். உள்பக்கப் பட்டையும் வெளிப்பக்கப் பட்டையும் சுவரை ஊடுருவும் கம்பிகளால் இணைய வேண்டும். மூலையில் துண்டான பட்டை, இல்லாத பட்டைக்குச் சமம். கைமரங்களின் முனைகளும் இந்தப் பட்டையோடு பிணைக்கப்பட வேண்டும்.

பக்கவாட்டு முக்கோணச் சுவர் ஓட்டு வீட்டின் மிக ஆபத்தான பகுதி. உச்சியில் எதுவும் பிடிக்காமல் தனியே நிற்பதால், அதிர்ச்சியில் முதலில் விழும் சுவர்களில் அதுவும் ஒன்று. முகட்டுவளையையும், சுவருக்குச் சுவர் ஓடும் சட்டங்களையும் அதில் போல்ட் வைத்துப் பிடிக்க வேண்டும். முடிந்தால் முக்கோணப் பகுதியை இறக்கிவிட்டுப் பலகையோ தகரமோ அடைப்பது இன்னும் நல்லது. ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்பது அதைச் செய்யாமலிருக்கக் காரணம் ஆகாது.

மச்சு வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரை வேறு வகைச் சிக்கல். ஒன்றரையடி இடைவெளியில் மரச்சட்டம், அதன்மேல் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கிய சின்னச் செங்கல், அதற்கு மேல் செங்கல் சல்லி போட்டுக் கெட்டித்த சுண்ணாம்புக் கான்கிரீட், தட்டோடு. இது ஏற்கெனவே கனமான கூரை. அதற்கு மேல் பின்னாளில் சேர்த்த அடுக்குகளைக் கொத்தி இறக்குவதே முதல் வேலை. சட்டங்கள் ஒரு திசையில் மட்டும் சுவரில் உட்கார்ந்திருப்பதால், அவற்றுக்கு இணையாக ஓடும் இரண்டு சுவர்களையும் கூரை பிடிப்பதே இல்லை. சட்டங்களின் அடியில் குறுக்காக இரும்புப் பட்டைகளை ஓட்டி அந்தச் சுவர்களோடு கட்டினால் அந்தக் குறை தீரும்.

பழைய கான்கிரீட் தளங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டு ஆகாத தளங்களிலும் கம்பி துருப்பிடித்து, பருத்து, அடிக்காரையைத் தள்ளிவிடுகிறது. விழுந்த இடத்தைப் பூசி மறைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. துரு தெரியும்வரை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, குறுக்களவு குறைந்திருந்தால் புதுக் கம்பி இணைத்து, அதன் பிறகே கலவை போட வேண்டும். அந்தத் தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போட்டால் வலிமை கூடாது. பழைய தளத்தின் சுமைதான் கூடும். மொட்டை மாடியில் நிற்பவையும் கூரையின் எடையில் சேர்ந்தவையே. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்பது ஒரு டன். நாலு செங்கல் அடுக்கின்மேல் கட்டின்றி உட்கார்ந்திருந்தால் அது பெயர்ந்து நகரும். நாலரை அங்குலத்தில் மூன்றடி உயரமாகத் தெருவை நோக்கி நிற்கும் கைப்பிடிச் சுவர், கட்டடம் தாங்கிய அதிர்விலும்கூட விழுந்து கீழே நிற்பவரைக் கொல்லும். இடையிடையே தளத்தில் ஊன்றிய கான்கிரீட் குத்துக்கால்களும் மேலே ஒரு பட்டையும் இருந்தால் அது நிற்கும்.

அரிதாக வரும் ஆபத்துக்கு இவ்வளவு செலவா என்பது கடைசி எதிர்ப்பு. கணக்கு நேர்மாறானது. ஓட்டைப் பிரித்துத் தளம் போடுவதற்கான சென்ட்ரிங், கம்பி, சிமெண்ட், கூலி எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் பட்டை, போல்ட், மெஷ் வேலை மிகச் சிறிய தொகை. பெருஞ்செலவைச் செய்துகொண்டே செலவுக்கு அஞ்சுவதாகச் சொல்வது பொருந்தாது. கீரனூரில் ஒவ்வொரு வீட்டையும் நாளையே வலுப்படுத்த வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. இரண்டாம் மண்டலத்துக்கு அது தேவையும் இல்லை. கேட்பது இரண்டுதான்: பழுதுபார்க்கும்போது எடையைக் கூட்டாதீர்கள், கூடவே பிணைப்பைச் செய்துவிடுங்கள்.

இந்த இடத்தில் அரசுக்கும் பங்கு உண்டு. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு, பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அது செய்ய வேண்டிய காரியம். ஆனால் அன்று முதல் பாதுகாப்பான கூரை என்றாலே கான்கிரீட் என்ற பேச்சு திட்டங்களிலும் ஊறிவிட்டது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடுகள் புதிதாக எழும்புகின்றன. புதிய சுவர்மேல் தளம் வருவதால் அங்கே குறை சொல்ல இடமில்லை; லிண்டல் பட்டை விடுபடாமல் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். கவலைக்குரியது பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் மதிப்பீடுகள். அவற்றில் சுர்க்கி, தட்டோடு, பூச்சு எல்லாம் தவறாமல் வருகின்றன. பழைய அடுக்கை முழுவதும் அகற்றும் வரியும், சுவரோடு பிணைக்கும் வரியும் அவற்றோடு கட்டாயமாகச் சேர வேண்டும். முதலில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும், அடுத்து மருத்துவமனையிலும், பேரிடர் நாளில் இயங்க வேண்டிய வட்டாட்சியர் அலுவலகத்திலும் இது நடக்க வேண்டும். பகல் முழுவதும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூரைக்கு முன்னுரிமை தர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வீட்டுக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒரு நடைமுறைச் செய்தி. கைமர முனைகளும் சுவரின் தலையும் கைக்கு எட்டுவது ஓடு பிரித்திருக்கும் சில நாட்கள் மட்டுமே. புது ஓடு ஏறிவிட்டால் அடுத்த வாய்ப்பு வர ஒரு தலைமுறை ஆகலாம். ஆகவே ஓடு மாற்றக் கூலி பேசும்போதே குறுக்குச் சட்டம், மூலைப் பட்டை, முனைப் பிணைப்பு, முக்கோணச் சுவர் போல்ட் ஆகிய நான்கையும் மேஸ்திரியிடம் சொல்லி, மதிப்பீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.